பேர வாவியிலிருந்து அத்திடிய வரை: கொழும்பின் நீர்த்தாவரங்கள்

வெள்ளி மாலை, வெள்ளவத்தை

நாளை பேர வாவி. இன்று சாமான் கட்டும் வேலை மட்டும்.

வாய் அகன்ற ஜாம் போத்தல்கள் ஆறு, மூடியோடு. வெள்ளை பிளாஸ்டிக் பேசின் ஒன்று. நீருக்குள் வளரும் செடியை வெளியே எடுத்தால் துவண்டு ஒட்டிக்கொள்ளும், பேசினில் இரண்டு விரல் நீர் விட்டு மிதக்கவிட்டால்தான் இலை அடுக்கு தெரியும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ். முனையில் கொக்கி கட்டிய நீளத் தடி. முழங்கை வரை ரப்பர் கையுறை, முழங்கால் வரை பூட்ஸ். 2 மில்லிலீற்றர் சிரிஞ்ச். மாதிரி கெடாமலிருக்க லூகோல் அயடீன் கரைசல். லேபிள் எழுதப் பென்சில்தான் வேண்டும், பேனை மை நனைந்தால் ஓடிவிடும்.

நீரின் தெளிவை அளக்கும் செக்கித் தட்டை வீட்டிலேயே செய்யலாம். 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அக்ரிலிக் வட்டம், நான்கு கால்பகுதிகள், கறுப்பு வெள்ளை மாறி மாறி, அடியில் ஈயக் குண்டு. கயிற்றில் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சு. நைலோன் கயிறு நனைந்தால் இழுபடும், அளவு பிழைக்கும். தையற்காரர் நாடாவைவிடப் பருத்த பொலியெஸ்டர் நாடா நல்லது. இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான அஞ்ஜெலோ செக்கி 1865 இல் கடலில் சோதித்த கருவி இது. இன்றுவரை இதைவிட மலிவான ஒன்று வரவில்லை.

கையிலோ காலிலோ வெட்டுக்காயம் இருப்பவர்கள் நீரில் இறங்க வேண்டாம். கொழும்புக் கால்வாய்களில் எலிக்காய்ச்சல் வெறும் பயமுறுத்தல் அல்ல.

சனி, பேர வாவி

கங்காராமைக்குப் பக்கத்தில், சீமா மாலகத்தின் எதிர்க்கரை. காலை ஆறரை மணி, காற்றில்லை. பச்சைப் படலத்தைப் பார்க்க இந்த நேரந்தான் சரி.

இங்குள்ள பச்சையில் பெரும்பங்கு மைக்ரோசிஸ்டிஸ் எனும் நீலப்பச்சைப் பாசி. பாசி என்றாலும் இது பக்டீரியா வகை. கலங்களுக்குள் நுண்ணிய வாயுக் குமிழ்கள் உண்டு. காற்றடங்கிய இரவில் கூட்டங்கூட்டமாக மேலே மிதந்து வரும். வெயிலேறி மாச்சத்து சேர்ந்து பாரமானதும் ஒரு பகுதி கீழே போகும். பத்து மணிக்குக் காற்றெழும்பினால் படலம் முழுவதும் ஒரு கரையில் போய் ஒதுங்கும். அந்தக் கரையில் நின்று பார்ப்பவர் வாவியே அழிந்துவிட்டது என்பார், எதிர்க்கரையில் நிற்பவர் அப்படியொன்றுமில்லை என்பார். ஆகவே நீர் எடுக்கும்போது கரைப் படலத்தில் அள்ளக் கூடாது. கரையிலிருந்து எட்டிய தூரத்தில் போத்தலைத் தலைகீழாக 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறக்கி, அங்கே நிமிர்த்தி நிரப்ப வேண்டும். படலத்தைத் தனிப் போத்தலில் எடுத்து, "படலம்" என்றே எழுதிவைக்கலாம்.

முதற் சோதனை தடியால். படலத்துக்குள் தடியை விட்டுத் தூக்குங்கள். நூல் நூலாகத் தொங்கினால் இழைப்பாசி. அது பெரும்பாலும் நஞ்சற்றது. தடியில் பச்சைப் பெயின்ட் பூசியதுபோல ஒட்டி வழிந்தால் நீலப்பச்சைப் பாசி. இன்று ஒட்டி வழிந்தது.

இரண்டாவது போத்தல் சோதனை. முக்காற் பங்கு நீர் நிரப்பி, அசைக்காமல் ஓரிரவு குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். காலையில் பச்சை மேலே வளையமாக ஏறியிருந்தால் வாயுக் குமிழ் உள்ளது. அடியில் படிந்தாலோ நீர் முழுதும் கலந்திருந்தாலோ பெரும்பாலும் பச்சைப்பாசி. போத்தலை வாய்வரை நிரப்பி இறுக மூட வேண்டாம். மேலே காற்று வேண்டும்.

மூன்றாவதுதான் பார்க்கச் சுவாரசியம். படல நீர் ஒன்றரை மில்லிலீற்றரைச் சிரிஞ்சில் உறிஞ்சி, காற்றை முழுவதும் வெளியேற்றி, முனையை மெழுகால் அடைத்து, மேசையில் ஊன்றிப் பெருவிரலால் பலங்கொண்ட மட்டும் அழுத்துங்கள். பால்போலக் கலங்கியிருந்த நீர் சற்றுத் தெளியும், பிறகு பாசி கீழே இறங்கத் தொடங்கும். குமிழ்கள் நசுங்கிவிட்டன, அதுதான் காரணம். பெரிய சிரிஞ்சில் இது நடக்காது: குறுக்குப் பரப்புக் கூடக் கூட அதே விரலின் அழுத்தம் குறையும்.

கரையோரம் சில இடங்களில் பச்சைக்குள் நீலத் திட்டுகள் தெரிந்தன. யாரோ சாயம் ஊற்றினார்கள் என்று நினைக்க வேண்டாம். பாசி செத்துக் கலம் வெடிக்கும்போது பைக்கோசயனின் எனும் நீல நிறமி வெளியேறுகிறது. மைக்ரோசிஸ்டின் எனும் ஈரல் நஞ்சும் அப்போதுதான் நீரில் அதிகமாகக் கலக்கும். கொதிக்கவைத்தாலும் அது அழியாது. குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் லீற்றருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நெடுங்காலப் பாவனைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள அளவு. வாவியோரம் நாயோடு நடப்பவர்கள் அதை நீர் குடிக்க விடாதீர்கள். உரோமத்தில் ஒட்டியதை நக்கினாலும் ஆபத்து.

செக்கித் தட்டை நிழற்பக்கமாக இறக்கினோம். மறையும் ஆழம், தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழம், இரண்டின் சராசரிதான் கணக்கு. அரை மீற்றர்கூட வரவில்லை. வாவிக்குள் வேர்விட்ட செடி ஏன் இல்லை என்பதற்கு விடை அங்கேயே இருக்கிறது: அடிச்சேற்றுக்கு ஒளி எட்டாது. செடி இல்லாததால் சேற்றைப் பிடித்துவைக்க வேர் இல்லை, மீன் கிளறும், காற்று கிளறும். சேற்றில் ஒட்சிசன் தீர்ந்ததும் அதில் கட்டுண்ட பொசுபரசு மீண்டும் நீருக்கு ஏறும். வெளியிலிருந்து வரும் கழிவுநீரை நிறுத்தினாலும் உடனே தெளியாததற்கு இதுவே காரணம். குளிர்காலம் இல்லாத ஊர் என்பதால் பாசிக்கு ஓய்வும் இல்லை.

விடியற்புறத்தில் மீன் செத்து மிதந்தால் உடனே நஞ்சு என்று முடிவுகட்ட வேண்டாம். பகலில் ஒட்சிசனை அள்ளித் தரும் பாசி இரவு முழுதும் அதை உறிஞ்சும். சூரியன் எழுமுன் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். முதல் நாள் வானம் மூடியிருந்தால் இன்னும் மோசம்.

ஞாயிறு, பெத்தகானவும் தியவன்னாவும்

உலகில் முதன்முதலாக ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் என்ற ஏற்பு 2018 இல் 18 நகரங்களுக்குக் கிடைத்தது. கொழும்பு அதில் ஒன்று. அந்தப் பெயரைக் காப்பாற்றுவது பேர வாவி அல்ல, இந்த ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டைப் பக்கத்துச் சதுப்புகள்.

இன்று மிதப்பவை. வேரை நீரிலேயே தொங்கவிட்டு உணவை நீரிலிருந்தே எடுப்பவை இவை. இவை தழைத்தால் நீரில் நைதரசனும் பொசுபரசும் மிகுதி என்று அர்த்தம். வாரி எறிவது மட்டும் ஏன் போதாது என்பதும் இதிலேயே விளங்கும்.

ஆற்றுவாழை: ஊதிய காம்பு, ஊதாப் பூ, மேலிதழில் மஞ்சட் பொட்டு. நெருக்கமாக வளர்ந்தால் காம்பு ஊதாது, நீண்டு மெலிந்து உயரும். அதைப் பார்த்து வேறு இனம் என்று நினைப்போர் உண்டு. இலங்கைக்கு 1905 இல் அலங்காரச் செடியாக வந்தது. 1909 இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பூ அழகில் மயங்கியது அன்றைய ஆட்கள் மட்டுமல்ல. இன்றும் வீட்டுத் தொட்டிக்கு எடுத்துப்போகிறார்கள். விதை சேற்றில் இருபது ஆண்டுகள்கூட உயிரோடிருக்கும். ஒருமுறை முற்றாக அகற்றிய குளத்தில் நீர் வற்றி மறுபடி நிரம்பியதும் நாற்று முளைப்பது இதனால்தான்.

சல்வீனியா: இது பன்னம். இரண்டு இலை மிதக்கும், மூன்றாவது இலை பிளவுபட்டு வேர்போலத் தொங்கும். உண்மையான வேர் கிடையாது. மிதக்கும் இலையின் மேல் மயிர்கள் நுனியில் மீண்டும் ஒன்றுசேர்ந்து கூண்டாகி நிற்கும். கைலென்ஸில் இந்தக் கூண்டு தெரிந்தால் சல்வீனியா மொலெஸ்டா என்று கொள்ளலாம். 1939 இல் கொழும்பில், அப்போதைய பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பிரிவுக்குப் படிப்பிக்கக் கொண்டுவந்த செடி நாட்டின் குளங்களையும் வயல்களையும் பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் இது மலடு; முளைக்கும் வித்தி கிடையாது. துண்டுகள் மட்டுமே பரப்புகின்றன. வலையில், படகில், எருமையின் காலில் ஒட்டிய ஒரு கணு போதும்.

இதை அடக்கியது கூர்மூக்கு வண்டு ஒன்று. சைர்டோபேகஸ் சல்வீனியே எனும் அந்த வண்டை 1986 இல் இங்கே விட்டார்கள். முதிர்ந்த வண்டு குருத்தைத் தின்னும், புழு தண்டுக்குள் துளைத்துச் செல்லும். பச்சையாய் இருந்த பாய் கபில நிறமாகி மூழ்கத் தொடங்கினால் வண்டு வேலை செய்கிறது, மருந்தடிக்க வேண்டாம். மருந்தடித்தால் செடியோடு வண்டின் உணவும் போகும், வண்டும் போகும், தப்பிய துண்டுகள் மட்டும் தழைக்கும். செடியில் நைதரசன் குறைவாக, மஞ்சள் பாய்ந்து இருந்தாலும் வண்டு பெருகாது.

பிஸ்டியா: சிறு கோவாக்கன்று அளவில், இலை நரம்புகள் வரிவரியாக. பழைய தமிழ் வைத்திய நூல்கள் ஆகாயத்தாமரை என்பது இதைத்தான். தமிழகத்தில் இப்போது ஆற்றுவாழையையும் அதே பெயரால் சொல்வதால் மருந்துக்குத் தேடுபவர்கள் கவனிக்க வேண்டும். இதன் வேரில் மான்சோனியா நுளம்பின் குடம்பி தன் மூச்சுக்குழாயைக் குத்தி, செடியின் காற்றையே சுவாசிக்கும். நீரின் மேற்பரப்புக்கு வரவே வராது. அதனால் எண்ணெய் ஊற்றினாலும் சாகாது. யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்பிய நுளம்பு இது என்பதால், அந்த நோய்க்கெதிரான இயக்கம் இலங்கையில் பிஸ்டியாவையே குறிவைத்து அழித்தது.

கடுகு அளவுப் பச்சைகளைப் பிரிக்க வேரை எண்ணினால் போதும். இலைக்கு ஒரு வேர் என்றால் லெம்னா. பல வேர், அடிப்பக்கம் செந்நிறம் என்றால் ஸ்பைரோடெலா. வேரே இல்லாமல் மணலளவில் இருந்தால் வுல்பியா, பூக்கும் தாவரங்களில் மிகச் சிறியது. அசோலாவை இவற்றோடு குழப்ப முடியாது, செதில் செதிலாக இருக்கும், கடும் வெயிலில் சிவக்கும். அதன் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து நைதரசன் பிடித்துத் தருவதால் அதற்குக் குறைவது பொசுபரசுதான். பொசுபரசு இல்லாத தொட்டியில் மாட்டுத்தீவனத்துக்கு அசோலா போட்டு வளரவில்லை என்று அலுத்துக்கொள்வோர் இதைக் கவனிக்கலாம்.

பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குள் எதையும் பிடுங்க அனுமதி இல்லை. நடைபலகையிலிருந்து பார்க்கலாம், படமெடுக்கலாம்.

திங்கள், தலங்கம

கொள்ளுப்பிட்டியில் 177 ஆம் இலக்க பஸ். கொஸ்வத்தையில் இறங்கி ஓட்டோ. ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

ஏனென்றால் ஓலு எனப்படும் வெள்ளாம்பல் இரவில் விரிந்து முற்பகலில் மூடிக்கொள்ளும். தாமதித்தால் மொட்டுத்தான். பூ மூடினாலும் இலையால் அறியலாம்: விளிம்பு பற்பற்களாக, அடிப்பக்கம் மென்மயிருடன் இருக்கும். தாமரை இலைக்கு வெட்டே கிடையாது, காம்பு நடுவில் சேரும், இலை நீருக்கு மேலே எழுந்து நிற்கும், காம்பில் சொரசொரப்பு. அல்லி வகை எல்லாவற்றுக்கும் இலையில் ஒரு பிளவு உண்டு, இலை நீரோடு கிடக்கும். சிறிய அல்லி இலை போலிருந்து, இலைக்காம்பின் தலைப்பிலிருந்தே மயிரடர்ந்த சிறு வெள்ளைப் பூக்கள் கொத்தாக வந்தால் அது அல்லியே அல்ல, நிம்பொய்டிஸ், சிங்களத்தில் குமுது.

நீலோற்பலம் 1986 இல் தேசிய மலரானது. ஆனால் குளங்களில் நாம் அதிகம் காணும், பெரிய, அடர்ந்த ஊதாப் பூ அந்த உள்நாட்டு இனமல்ல. அது அயல் அல்லிகளின் கலப்பு என்று பேராதனை ஆய்வாளர்கள் 2017 இல் நிம்பேயா எரங்கே எனப் பெயரிட்டு விவரித்தார்கள். உள்நாட்டு மலர் சிறியது, வெளிறிய நீலம், இதழும் குறைவு. தேசிய மலர் என்று கலப்பினத்தை நட்டுப் படம் போடும் பாடசாலைத் தடாகங்களைப் பற்றி என்ன சொல்வது?

நீர் தெளிந்த ஓரத்தில் கொக்கியைப் போட்டால் ஹைட்ரில்லா வரும், நம் ஆட்கள் வேலம்பாசி என்பது. கணுவைச் சுற்றி நான்கு முதல் எட்டு இலை. நுனியிலிருந்து கீழாக விரலை ஓட்டினால் உரசும். பிடுங்கும்போது சேற்றுக்குள் கடலை அளவுக் கிழங்குகள் தங்கிவிடும், அவையே மறுபடி முளைக்கும். செரட்டோபில்லம் அதைப்போலத் தோன்றும், ஆனால் இலை கவடு கவடாகப் பிரியும், வேர் இருக்காது. இலை விசிறியாக எதிரெதிரே இருந்து, இளஞ்சிவப்புப் பூ நீர்மேல் நின்றால் கபோம்பா. அலங்கார மீன் தொட்டியிலிருந்து தப்பி வந்தது, குளத்துக்கு நல்லதல்ல. யுட்ரிகுலேரியாவின் இலைகளுக்கிடையே ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் பைகள். நீர்த்தெள்ளு தொட்டதும் கதவு உள்ளே திறந்து நீரோடு உறிஞ்சிவிடும். கண்ணால் பிடிக்க முடியாத வேகம். அடியில் சேறு பிசுபிசுக்காமல், கையில் நொறுங்கும் சொரசொரப்பான பச்சை வந்து, பூண்டு மணமடித்தால் காரா. செடிபோலிருக்கும் பாசி, மேலே சுண்ணாம்பு படிந்திருக்கும்.

பேர வாவியில் இல்லாதவை எல்லாம் இங்கே இருப்பதற்குத் தட்டு சொல்லும் பதில்: வேர்விட்ட செடி நிற்கும் இடங்களில் தட்டு அடிவரை தெரிந்தது.

செவ்வாய்

மழை. வடிகாலோரம் வானவில் நிறத்தில் படலம். குச்சியால் கீறினால் கண்ணாடித் துண்டுகளாக உடைந்து அப்படியே நின்றால் இரும்புப் பக்டீரியா, கவலை இல்லை. உடனே சேர்ந்து மூடிக்கொண்டால் எண்ணெய்.

புதன், பெல்லன்வில-அத்திடிய

120 ஆம் இலக்க பஸ். விகாரை வாசற் பூக்கடைகளில் தாமரை, ஓலு, ஊதா அல்லி மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். திங்கட்கிழமை பார்த்ததைச் சரிபார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

சதுப்பு 1990 இல் சரணாலயமானது. கால்வாயோரம் முதலை உண்டு, குனிந்து நீருக்குள் கைவிடும் வேலை வேண்டாம். தடி எதற்கு இருக்கிறது?

கரையிலிருந்து உள்ளே பரவும் செடிகள்தான் இன்று. பொன்னாங்காணிக்கும் முதலைக்களைக்கும் வேறுபாடு தெரியாமல் விற்பவரும் உண்டு, வாங்குபவரும் உண்டு. பொன்னாங்காணியின் வெள்ளைப் பூ உருண்டை இலைக்கக்கத்தில் காம்பின்றி ஒட்டியிருக்கும். முதலைக்களைக்குப் பூ நீண்ட காம்பில் தனியே நிற்கும், தண்டை வெட்டினால் உள்ளே பொள். பூக்காத கட்டு என்றால் தண்டை நசுக்கிப் பாருங்கள். தோட்டத்தில் ஒரு கணு விழுந்தாலும் ஈரத்திலும் வளரும், காய்ந்த மண்ணிலும் வளரும்.

கங்குன் கீரை கால்வாய்க்குக் குறுக்கே தண்டு நீட்டிக் கிடந்தது. உள்ளே காற்றிருப்பதால் மிதக்கும். கொழும்பில் இதை எங்கிருந்து பறித்தது என்று கேட்டு வாங்குங்கள். கழிவுநீரில் வளர்ந்தால் பார உலோகங்களைத் தன்னுள் சேர்க்கும். உப்பு நீரில் கழுவினால் புழுவும் அழுக்கும் போகும், உலோகம் போகாது. சதுப்பில் வளரும், சமைத்துண்ணும் கொஹிலவுக்கும் இதே எச்சரிக்கை.

சம்பு வளர்வது பெரும்பாலும் ஆழங்குறைந்த நீரில். இலை தட்டையாக, பூந்தண்டு கபில உருளையாக இருக்கும். பாய் முடையும் பன் வேறு, அதன் தண்டு முக்கோணமாகவோ உருளையாகவோ இருக்கும், இலை அதிகமில்லை. சம்பை நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டினால் காற்று போகாமல் கிழங்கு அழுகும். மேலே வெட்டினால் கத்தரித்துவிட்ட வேலிதான். மரமாகத் தெரிவது அன்னோனா கிளப்ரா, சிங்களத்தில் வெல் அத்தா. காய் நீரில் மிதந்து போய் விதை பரப்பும், நிழலால் கீழிருப்பதைக் கொல்லும். அடியோடு வெட்டினாலும் துளிர்க்கும் என்பதால் நாற்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும்.

வியாழன், மேசையில்

போத்தல்களை 24 மணிக்குள் பார்க்க வேண்டும். முடியாதவற்றுக்கு 100 மில்லிலீற்றருக்கு லூகோல் அரை மில்லிலீற்றர் அளவில் தொடங்கி, சாயம் வெறுந்தேநீர் நிறத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாக. கூடினால் எல்லாம் கறுத்து ஒன்றும் தெரியாது. இதில் ஒரு இலாபமும் உண்டு: பச்சைப்பாசியில் மாப்பொருள் இருப்பதால் கருநீலமாகும், நீலப்பச்சைப் பாசி கபிலமாகவே நிற்கும். நானூறு மடங்கில் ஸ்பைரோகைராவின் பச்சையம் சுருளாக ஓடும், இழை கிளைக்காது, கையில் வழுக்கும். கிளைத்துப் பருத்திபோலச் சொரசொரத்தால் கிளாடோபோரா. சனிக்கிழமைப் போத்தலில் ஒழுங்கற்ற பொதிகளாகக் கிடந்தவை மைக்ரோசிஸ்டிஸ்.

வீட்டுத் தடாகம் பச்சையாகிறது என்று கேட்டவர்களுக்கு: கொப்பர் சல்பேற்று போடாதீர்கள். பாசி ஒரேயடியாகச் செத்து அழுகும், ஒட்சிசன் தீரும், மீன் மேலே வந்து வாய் திறக்கும். மீன் இரையைக் குறையுங்கள், ஐந்து நிமிடத்தில் தின்று தீர்ப்பது போதும். வாரத்துக்குக் கால்பங்கு நீரை மாற்றுங்கள்; குழாய்நீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போனபின். மேற்பரப்பில் பாதிக்கு மேல் அல்லி இலை மூடினால் பச்சை தானாகக் குறையும். நுளம்புக்குக் கப்பி விடுங்கள், சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளில் மட்டுமல்ல.

கடையில் வாங்கிய செடியைத் தொட்டியில் போடுமுன் ஒரு பங்கு வெளுப்புக் கரைசலுக்குப் பத்தொன்பது பங்கு நீர் கலந்து, இரண்டு நிமிடம் அமிழ்த்தி, நன்றாக அலசுங்கள். நத்தை முட்டையும் பாசியும் போகும். வலிஸ்னேரியா இதைத் தாங்காது, இலை கண்ணாடியாகிவிடும்.

அகற்றிய ஆற்றுவாழையை வடிகாலில் போடாமல் சீமெந்துத் தரையில் இரண்டு மூன்று நாள் வாட்டி, விரல்நீளத் துண்டாக வெட்டி, காய்ந்த சருகும் சாணமும் அடுக்கி உரமாக்கலாம். செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர் என்பதால் வாட்டாமல் போட்டால் குவியல் புளித்து நாறும். நடுவில் கைவைக்க முடியாத சூடு ஏறாவிட்டால் விதை சாகாது. பேர வாவியிலோ கால்வாயிலோ எடுத்ததென்றால் அந்த உரம் பூச்செடிக்கு மட்டும்.

பூட்ஸும் வலையும் கொக்கியும் இப்போது வெயிலில். வலையின் முடிச்சுகளில் சல்வீனியாத் துண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்த்து, இரண்டு முழு நாள் காய்ந்தபின்தான் அடுத்த குளம்.